நன்மை வாங்காத செபாஸ்டியன்

செபாஸ்டியன் பெரிய ஆள் ஒன்றும் இல்லை. லோரி ஓட்டினான், ஜெயிலுக்குப் போனான், வெளியே வந்து புல் வெட்டினான், வயிற்றில் புற்று வந்து செத்தான். லகாட்டில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். பொய் இல்லை. ஆனால் பாதியோடு நிறுத்திவிடுவார்கள். எனக்குப் பாதிக் கதை ஆகாது. தஞ்சோங் மாலிமில் ஆஸ்பத்திரி மிஸ்ஸியாக வேலை பார்த்துத் தலை நரைத்தவள் நான். நோயாளி எங்கே வலிக்கிறது என்று பாதி சொன்னால், மீதியைப் பிடுங்காமல் விட்டதில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று, என் வீட்டுக்காரரின் ஊரான லகாட்டுக்குக் குடிவந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே அவனைப் பார்த்தேன். எங்கள் மாதா கோயிலுக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் நிறுத்த ஒரு தகரக் கொட்டகை உண்டு. அங்கே ஒரு வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பக்கக் கதவு வழியாகப் பூசை பார்ப்பான். வெளுத்த சட்டை, சுத்தமாகச் சவரம் செய்த முகம், மடியில் பாட்டுப் புத்தகம். உள்ளே பாதி பெஞ்சு காலியாகக் கிடந்தது. எனக்குத்தான் சும்மா இருக்கத் தெரியாதே, போய்க் கூப்பிட்டேன்.

"உள்ள வாங்க தம்பி, எடம் இருக்கு."

"பரவால்ல மிஸ்ஸி. இங்கதான் காத்து வருது."

நான் மிஸ்ஸி என்பது அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது. அது கிடக்கட்டும். தகரக் கொட்டகையில் என்ன காற்று? அங்கே தோசைக்கல்லை வைத்தால் நெருப்பில்லாமல் தோசை வெந்துவிடும். பிடிவாதக்காரன் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

நன்மை வாங்கும் நேரம் வந்தது. நாங்கள் பழைய ஆட்கள், பூசையில் கொடுக்கிற நற்கருணை அப்பத்தை இன்னும் நன்மை என்றுதான் சொல்வோம். வாங்குவதற்கு முன்னால், ஆண்டவரே, நீர் என் வீட்டுக்கு வர எனக்குத் தகுதி இல்லை என்று ஒரு செபம் உண்டு. எல்லாரும் அதைச் சத்தமாகச் சொல்லிவிட்டு, சொன்ன வாய் மூடுவதற்குள் எழுந்துபோய் வரிசையில் நின்றோம். செபாஸ்டியன் மட்டும் எழுந்திருக்கவில்லை. அந்தக் கோயிலில் சொன்னதை நம்பியவன் அவன் ஒருவன்தான் என்று பிற்பாடு எனக்குத் தோன்றியது.

படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கு நன்மை கொண்டுபோகிற பொறுப்பை எங்கள் கோயிலில் சிலருக்குக் கொடுத்திருந்தார்கள். லகாட் பக்கத்துக்கு கத்தரின். என்னைவிடச் சின்னவள், புருஷனை இழந்தவள், அதிகம் பேசமாட்டாள். என்னிடம் காடி, அதாவது கார், இருந்தது, ரத்த அழுத்தம் பார்க்கிற மெஷினும் இருந்தது. அதனால் நானும் அவளோடு போக ஆரம்பித்தேன். அவள் நன்மை கொடுப்பாள், நான் பிரஷர் பார்ப்பேன். இப்படித்தான் சிநேகிதிகள் ஆனோம்.

ஒருநாள் வழியில் வாய் சும்மா இல்லாமல் கேட்டேன். "கொட்டகையில உக்கார்ற அந்தத் தம்பி ஏன் நன்ம வாங்கறதில்ல? ரெண்டு சம்சாரமா?"

கத்தரின் காடியை நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினேன். இறங்கி, கதவைச் சாத்தி, வெயிலில் வீட்டுக்கு நடந்தே போய்விட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னதும் என் வீட்டுக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஊருல வேற ஆளே கெடைக்கலயா ஒனக்கு? அவ மகனக் கொன்னவன் அவன்தான்லா."

அவர் சொன்ன கதை இது. லகாட்டுக்கு உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டம் இருந்தது. செபாஸ்டியன், கத்தரின் எல்லாரும் அந்தத் தோட்டத்து ஆட்கள். நிலத்தை விற்று வீடு கட்டப்போகிறார்கள் என்று செய்தி வந்து, குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களைக் காலி செய்யச் சொல்லியிருந்த வருஷம். தோட்டத்தில் அதுதான் கடைசி கிறிஸ்மஸ். ரப்பர் பால் ஏற்றுகிற லோரியைக் கழுவி, கலர் லைட் கட்டி, பிள்ளைகளையும் பெரியவர்களையும் பின்னால் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வீடு கிறிஸ்மஸ் பாட்டுப் பாடப் போவார்கள். லோரி ஓட்டுகிறவன் செபாஸ்டியன். பாடி முடித்துக் கிளம்பும்போது, கடைசி லயத்துக் கடைசி வீட்டின் முன்னால் லோரியைப் பின்னுக்கு எடுத்தான். கீழே விழுந்த சிவப்புத் தொப்பியை எடுக்க ஒரு பையன் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்திருந்தான். கால்வின், ஒன்பது வயது. அந்தக் கடைசி வீடு கத்தரின் வீடு. அவன் அவளுடைய மகன்.

"காலையிலேயே ஈப்போ டவுனுக்குப் போயி நல்லா ஏத்திகிட்டு வந்திருக்கான். கோர்ட்டுல அவனே சொன்னான்," என்றார் என் வீட்டுக்காரர். "குடிச்சிட்டு லோரிய தொடலாமா? அவ வயிறு எப்படி எரியும்?"

எரியத்தான் செய்யும். எனக்கே எரிந்தது. அடுத்த ஞாயிறு அந்தக் கொட்டகைப் பக்கம் நான் திரும்பவே இல்லை. கத்தரினிடம் மன்னிப்புக் கேட்டேன். "தெரியாமதானே கேட்டீங்க" என்றாள். அதோடு அந்தப் பேச்சு எங்களுக்குள் எழவில்லை.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எத்தனை நாள் இருக்க முடியும்? சிறையிலிருந்து அவன் வந்தபோது தோட்டம் இல்லை, பெண்டாட்டி விமலாவும் இல்லை. அவள் கோலா கங்சாரில் இருக்கும் அண்ணன் வீட்டோடு போனவள், திரும்பவில்லை. பழைய தோட்டத்து ஆளான கருப்பம்மாள் என்கிற விதவை, தன் வீட்டின் பின்னறையை அவனுக்குக் கொடுத்தார். அவர் இந்து. கோயில் ஆட்கள் யாரும் கொடுக்கவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். புல் வெட்டுகிற மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு தாமான் தாமானாக, ஒவ்வொரு குடியிருப்பாகப் போய் வேலை செய்தான். குடிப்பதை அடியோடு விட்டுவிட்டான். எந்த வண்டியையும் ஓட்டவும் இல்லை. எங்கே போனாலும் சைக்கிள்தான்.

கல்லறைத் திருநாளுக்கு முன்னால் எல்லாரும் போய்த் தங்கள் வீட்டுக் கல்லறைகளில் புல் பிடுங்கிச் சுத்தம் செய்வோம். கத்தரின் போகும்போது கால்வினுடைய கல்லறையில் பிடுங்க ஒரு புல் இருக்காது. யாரோ முன்னமே வந்து, செதுக்கி, கழுவி, சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போயிருப்பார்கள். யார் என்று அவளுக்குத் தெரியும். ஒரு வருஷம் நான் கூட இருந்தேன். சுத்தமான அந்தக் கல்லறையின் முன்னால் கையில் அரிவாளோடு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பக்கத்திலிருந்த யாரோ ஒரு சீனனுடைய கல்லறையில் உட்கார்ந்து அங்கே புல் பிடுங்கினாள்.

கோவிட் வந்து போன பிறகு, பூசையில் சமாதானம் சொல்லும்போது கை கொடுப்பதை நிறுத்தி, நின்ற இடத்திலிருந்தே கும்பிடச் சொன்னார்கள். கொட்டகையிலிருந்து செபாஸ்டியன் முன் பெஞ்சில் இருக்கும் கத்தரினின் முதுகைப் பார்த்துக் கும்பிடுவான். அவள் ஒருநாளும் திரும்பவில்லை. அவள் திரும்பமாட்டாள் என்று தெரிந்தும், மற்றவர்கள் எல்லாரும் உட்கார்ந்த பிறகுதான் அவன் கையை இறக்குவான்.

போன தவக்காலத்தில் கருப்பம்மாள் எனக்குப் போன் பண்ணினார். "மிஸ்ஸி, இவன் கஞ்சிகூட எறக்கமாட்டேங்கறான். ஆஸ்பத்திரியில ஒண்ணும் செய்ய முடியாதுன்னு வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. கொஞ்சம் வந்து பாருங்க."

போனேன். பார்த்ததும் தெரிந்துவிட்டது. வயிறு வீங்கி, கை கால் குச்சியாகி, கண் மஞ்சளாகி இருந்தான். அதிக நாள் இல்லை. பங்குச் சாமியார் பாதர் கோலினை அழைத்தேன். சின்ன வயது, கோலாலம்பூர் பிள்ளை, தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும், ஆனால் நல்ல மனசு. என்னையும் கருப்பம்மாளையும் வெளியே அனுப்பிவிட்டுப் பாவசங்கீர்த்தனம் கேட்டார். பாவமன்னிப்புக் கொடுத்தார், எண்ணெய் பூசினார். பிறகு எங்களைக் கூப்பிட்டு, நன்மை கொடுக்கக் கையை நீட்டினார். செபாஸ்டியன் தன் வாயைக் கையால் மூடிக்கொண்டான்.

"செபாஸ்டியன், காட் ஒங்கள மன்னிச்சிட்டாரு. இப்பதானே சொன்னேன். ஃபினிஷ் லா," என்றார் பாதர். அவன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான், கை இறங்கவில்லை. பாதர் கண் கலங்கித்தான் போனார்.

அவர் போன பிறகு நான் விடவில்லை. "என்னா பிடிவாதம் இது? சாமியார் மன்னிப்பு குடுத்தாரு, வாங்கிகிட்ட. நன்ம குடுத்தா மட்டும் வேணாமா?"

"பைபிள்ல இருக்கு மிஸ்ஸி. காணிக்கைய பீடத்துல வெச்சிட்டு, ஒம்மேல வருத்தமா இருக்கறவங்ககிட்ட மொதல்ல போயி சமாதானம் ஆயிட்டு வான்னு. தோட்டத்துல உபதேசியார் சொல்லிக் குடுத்தது."

"சரி, நீ போயி கேட்டியா?"

"ஜெயில்லேருந்து வந்த வாரமே போனேன். வாசல் கேட்டுகிட்ட நின்னேன். கத்தரின் அக்கா பாத்தாங்க, கதவ சாத்திட்டாங்க. அவங்க மேல தப்பு இல்ல. நான் போறப்பல்லாம் அவங்களுக்குப் புண்ண கீறுறமாதிரி. அதான் அப்புறம் போவல." மூச்சு வாங்கினான். "கடவுள் மன்னிச்சிருவாரு மிஸ்ஸி. அவருக்கு சுலபம். நான் கொன்னது அவரு புள்ளைய இல்லையே."

எனக்குச் சுர்ரென்று வந்தது. கட்டிலுக்கு எதிரே சுவரில் சிலுவையில் அறைந்த இயேசுவின் பாடுபட்ட சுரூபம் தொங்கியது. போன வருஷத்துக் குருத்தோலை அதன் பின்னால் காய்ந்து கிடந்தது. "அப்ப அங்க தொங்கறது யாரு புள்ள?" என்று கேட்டேன்.

அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். 

"அது உண்மதான்," என்றான் கடைசியில். "நான் அப்படி நெனச்சுப் பாக்கல." கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. துடைத்துவிட்டேன். "நன்ம வாங்கணும்னு ஆச இல்லாம இல்ல மிஸ்ஸி. அதுக்குத்தான் ஏங்கிக் கெடக்கறேன். ஆனா அவங்க வருத்தம் அப்படியே இருக்கறப்ப, நான் மட்டும் எப்படி முழுங்குவேன்?"

கொடுக்கிறவர் நீட்டிக்கொண்டே இருக்கிறார், வாங்குகிறவன் வாயை மூடிக்கொள்கிறான். இதற்கு மேல் கடவுள்தான் என்ன செய்வார் என்று முனகிக்கொண்டே அடுப்படிக்குப் போனேன். கருப்பம்மாள் கோப்பி கலக்கிக்கொண்டிருந்தார்.

"இவன் அன்னிக்கி டவுனுக்கு எங்க மிஸ்ஸி போனான்?" என்றார், நான் கேட்காமலே. "காலையிலேருந்து லயத்துலதான் லோரிக்கு லைட்டு கட்டிகிட்டு கெடந்தான். பாட்டுக்காரங்க வந்தா, ஓட்டறவனுக்கு வூட்டுக்கு வூடு ஒரு கிளாஸ் ஊத்தறது எங்க தோட்டத்துப் பழக்கம். ஊத்தலன்னா மரியாத இல்லம்பாங்க. எங்கூட்டுக்கும் வருவாங்க, இந்து கிறிஸ்டியன்னு பாக்கமாட்டாங்க. நாங்களும் ஊத்துனோம்."

"அப்ப கோர்ட்டுல ஏன் அப்படி சொன்னான்?"

"எங்கூட்டுக்காரரு போலீஸ்ல போயி உள்ளத சொல்றேன்னு கெளம்புனாரு. இவன்தான் லாக்கப்புலேருந்து சொல்லி அனுப்புனான், யாரும் வாயத் தொறக்காதீங்கன்னு. எல்லாரும் நிம்மதியா மூடிகிட்டாங்க. என்னா செய்ய, நாங்களும்தான்."

கோப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தேன். இப்போதும் கிறிஸ்மஸ் பாட்டுக்குப் போகிறோம். வண்டி ஓட்டுகிறவனுக்கு ஆரஞ்சுத் தண்ணீர்தான் கொடுப்பார்கள். ஏன் என்று யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. நல்ல பழக்கம் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அங்கிருந்து நேராக கத்தரின் வீட்டுக்குப் போனேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. "செபாஸ்டியன் போகப்போறான். நன்ம வாங்காம போவான், ஒன்னால. ஒரு வார்த்தை வந்து சொல்லேன்."

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. "என்னா வார்த்தை?"

"மன்னிச்சிட்டேன்னு."

"பொய் சொல்லச் சொல்றீங்களாக்கா?"

"அவன் கையில நன்ம குடுக்கற வேலை ஒன்னோடது. லகாட்டு நோயாளி அவன். நீ கொண்டுபோகாம யாரு கொண்டுபோறது?"

"பாதர் குடுக்கட்டும்."

"பாதர் குடுத்தாரு, வாங்கமாட்டேன்னுட்டான். ஒன் வருத்தம் தீராம முழுங்கமாட்டானாம்." அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. நான் அதைக் கோபம் என்று நினைத்தேன். எனக்கும் கோபம் ஏறிவிட்டது. "வீடு வீடா ஆண்டவர தூக்கிட்டுப் போற. ஒரு வீட்டு வாசல்ல மட்டும் அவர நிறுத்திவெக்கிற. நல்லா இருக்குது போ," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். செருப்பை மாட்டும்போதுதான், பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் பேசுகிற பேச்சா இது என்று உறைத்தது. திரும்பி உள்ளே போகத் தைரியம் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் போன் வந்தது. "பசியாறிட்டீங்களாக்கா? காடிய எடுங்க."

வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். நற்கருணைச் சிமிழைத் துணிப்பையில் போட்டு, கழுத்தில் மாட்டி, மேலே கையை வைத்திருந்தாள். வழி முழுக்க பேசவில்லை. நானும் ஒருமுறையாவது வாயைக் கட்டினேன்.

கருப்பம்மாள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, புதுத் துண்டை விரித்து, ஒரு சொம்பில் தண்ணீரும் கொஞ்சம் மல்லிகையும் வைத்திருந்தார். "சாமி வருதுன்னு சொன்னீங்க. சூடம் ஏத்தலாமா?" என்று கேட்டார். "மெழுகுவத்தி போதும்க்கா," என்றாள் கத்தரின்.

அவளைப் பார்த்ததும் செபாஸ்டியன் எழுந்திருக்கப் பார்த்தான். முடியவில்லை.

"படு," என்றாள் அவள். அத்தனை வருஷத்தில் அவனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

சிமிழை எடுத்து ஸ்டூலில் வைத்தாள். திறக்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கி எங்கூட்டு வாசல்ல நீ என்னா சொன்ன? ஞாபகம் இருக்கா?"

"வேணாம்க்கா, அத விடுங்க."

"போதும்க்கா, லோரிய எடுக்கணும்னு சொன்ன. கைய வெச்சு கிளாஸ மூடுன. நான் என்னா சொன்னேன்?"

அவன் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான். அவளே சொன்னாள். "எல்லார் வூட்டுலயும் குடிச்சே, எங்கூட்டுது மட்டும் கசக்குதான்னு கேட்டேன். ஒங்கைய தள்ளிட்டு நெறைய ஊத்துனேன். நீ நின்னமேனிக்கே குடிச்சிட்டுப் போயி ஏறுன. நான் உள்ள கிளாஸ கழுவிகிட்டு இருந்தேன். அப்பத்தான் சத்தம் கேட்டுச்சு."

கருப்பம்மாள் நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.  நான் முந்தாநாள் அவள் வீட்டில் பேசிய ஒவ்வொரு சொல்லும் திரும்பி வந்து என்னையே அடித்தது.

"கோர்ட்டுல ஏன் சொல்லல?"

"சொன்னா கால்வின் வந்திருவானா? பெத்தவளே ஊத்துனான்னு ஊரு பேசும். நீங்க தாங்கமாட்டீங்க." நிறுத்தி நிறுத்திப் பேசினான். "குடிச்சது நாந்தானேக்கா. பின்னால பாக்காம எடுத்தது நாந்தானே."

"ஒன்ன பாத்தா எனக்கு அந்தக் கிளாஸ்தான் தெரியும். அதான் பாக்கல. அதான் கதவ சாத்துனேன். ஊரு, நான் ஒம்மேல கோவமா இருக்கேன்னு நெனச்சுச்சு. நானும் அப்படியே வெச்சுகிட்டேன். கோவமா இருக்கறது சுலபமா இருந்துச்சு." அவள் அழவில்லை. குரல் மட்டும் கட்டைபோல் ஆகியிருந்தது. "நீ என்ன மன்னிப்பியா, செபாஸ்டியன்?"

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் ஏதோ விளங்காததைக் கேட்டுவிட்ட மாதிரி பார்த்தான்.

"அது எப்பவோ ஆச்சுக்கா."

"எப்ப?"

"அன்னிக்கே. லாக்கப்புல."

அப்போதுதான் அவள் உடைந்தாள். "அன்னிக்கேவா? எனக்குத் தெரியாதே. நான் ஒங்கிட்ட கேக்கவே இல்லையே."

"கேட்டாத்தான் மன்னிக்கறதாக்கா?" என்றான்.

சொன்னவன், சொன்ன இடத்திலேயே நின்றுவிட்டான். தன் வாயிலிருந்து வந்ததைத் தானே காதால் கேட்டுக்கொண்டான். மெல்லக் கண்ணைத் தூக்கி எதிர்ச்சுவரைப் பார்த்தான். காய்ந்த குருத்தோலையோடு அது அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"மிஸ்ஸி," என்றான். "அப்ப இத்தன வருசம் நான் சும்மாவேதான் வெளிய உக்காந்திருந்தேனா?"

பொய் சொல்லியிருக்கலாம். சாகிறவனுக்கு ஒரு பொய் சொன்னால் என்ன. வாய் வரவில்லை. "ஆமாண்டா தம்பி," என்றேன். நான் அழுதேன்.

கத்தரின் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிமிழைத் திறந்தாள். "மன்னிச்சிட்டேன்னு சொல்ல எனக்கு இன்னும் வாய் வரல," என்றாள். "புள்ளைய நெனச்சா வரல. பொய் சொல்லமாட்டேன்."

"பரவால்லக்கா. நீங்க வந்தீங்கல்ல."

"இது என்னோடது இல்ல. நான் தூக்கிட்டு வந்தவ, அவ்வளவுதான்."

நன்மையிலிருந்து ஒரு சின்னத் துணுக்கை உடைத்தாள். நான் கரண்டியில் தண்ணீர் எடுத்தேன். கிறிஸ்துவின் திரு உடல் என்று அவள் சொன்னாள். அவன் இந்த முறை வாயை மூடவில்லை. ஆமென் என்றான், வாயைத் திறந்தான், விழுங்கினான். கஞ்சி இறங்காத தொண்டையில் அது இறங்கியது. மீதியை அவள் மூடிவைத்தாள்.

"நீங்க வாங்கலயா?" என்றான்.

"பாதர்கிட்ட கோவத்த எத்தனையோ தடவ சொல்லியிருக்கேன். கிளாஸ சொன்னதில்ல. சொல்லிட்டுத்தான்."

"காத்துகிட்டு இருக்காதீங்கக்கா. நான் இருந்துட்டேன்."

சனிக்கிழமை மத்தியானம், கருப்பம்மாள் விசிறிக்கொண்டிருக்கும்போதே அடங்கிப்போனான். முகம் நன்றாகத்தான் இருந்தது. மற்றவர்கள் அதைப் பெரிதாகச் சொன்னார்கள். எனக்கு ஆறவில்லை. ஒரு கதவு இத்தனை வருஷமாகத் திறந்தே கிடந்திருக்கிறது. சாத்தியிருக்கிறது என்று நம்பி ஒருவன் வெளியே வெந்துகொண்டிருந்தான். கடைசியில் ஒரு துணுக்கு. அது போதும் என்று பாதர் சொன்னார். ஆண்டவருக்குப் போதுமாக இருக்கலாம். எனக்குப் போதவில்லை.

அடக்கத்துக்கு அதிகம் பேர் வரவில்லை. பெண்டாட்டிக்குச் சொல்லி அனுப்பினோம், வரவில்லை. பெட்டிக்கு முன்னால் சிலுவை பிடிக்கச் சொந்தம் என்று ஒருவர் இல்லை. கருப்பம்மாள் யாரையும் கேட்காமல் எடுத்துப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவர் நெற்றியில் திருநீறு இருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் என்னிடம் வாங்கிக் கட்டியிருப்பார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் கத்தரினின் முன் பெஞ்சு காலியாக இருந்தது. திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பக்கக் கதவு வழியாகத் தெரிந்தது. கொட்டகையில், அவனுடைய பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு முட்டாள் போய் இன்னொன்றா என்று நினைத்தேன். தகுதி இல்லை என்ற செபத்தை எல்லாரும் சொன்னோம், எழுந்தோம், வாங்கினோம். வரிசை முடிந்தது. பாதர் கோலின் பீடத்துக்குத் திரும்பாமல் பாத்திரத்தோடு அங்கேயே நின்றார். காலையில் அவள் அவரிடம் கிளாஸைச் சொல்லிவிட்டாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அவள் பக்கக் கதவு வழியாக வந்தாள். கோயிலே பார்த்துக்கொண்டிருக்க, தனியாக நடந்து வந்து கையை நீட்டினாள். வாங்கிக்கொண்டு, பெஞ்சுக்கு வராமல், மறுபடி கொட்டகைக்கே போனாள். நான் பின்னால் போனேன். மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டு குலுங்கி அழுதாள். தகரத்திலிருந்து அனல் இறங்கியது. அவள் ரவிக்கை முதுகெல்லாம் நனைந்திருந்தது. நான் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா," என்றாள், நிமிராமலே. "இங்க காத்தே வரல."